மலையில் எழுதிய மருந்துச் சீட்டு

கேள்வி: என் மாமியாருக்கு 64 வயது. சிறுமியாக இலங்கையிலிருந்து பெற்றோருடன் வந்து, கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். போன ஐப்பசி மழையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து சுவர் பிளந்துவிட்டது. அப்போதிலிருந்து மேட்டுப்பாளையத்தில் எங்களோடு வாடகை வீட்டில் இருக்கிறார். இரண்டு வேளை இன்சுலின், பிரஷருக்கு இரண்டு மாத்திரை. மலையில் கட்டுக்குள் இருந்த சர்க்கரை இந்த வெயிலில் 300-க்குக் கீழே இறங்குவதில்லை. எழுந்தால் தலைசுற்றல். இரவில் கோடை மழை பெய்தால் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுகிறார். "தண்ணி ஒத்துக்கல" என்கிறார்கள் பக்கத்து வீட்டார். என்ன செய்யலாம்?

பதில்: தண்ணீரைக் குறை சொல்லும் முன் இன்சுலின் பாட்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள் அம்மா. நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. என் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

மலை வீடுகளில் சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இன்சுலின் இருப்பதைப் பார்த்துப் பழகியவன் நான். அங்கே அது பெரிய தப்பில்லை. திறந்த பாட்டில் 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய 4 வாரம் தாங்கும். மேட்டுப்பாளையத்துச் சித்திரை வெயிலில் அதே அலமாரி 35 டிகிரியைத் தாண்டிவிடும். தகரக் கூரையென்றால் கேட்கவே வேண்டாம். கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கலாம். ஃபிரிட்ஜ் இருந்தால் அதில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஒருமுறை உறைந்தால் அது மருந்தே இல்லை. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவே ஈர மணல், மேலே ஈரத்துணி. காற்றோட்டமான நிழலில் வைத்தால் போதும்.

பாட்டிலை மாற்றுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சர்க்கரை இறங்கவில்லையே என்று யாராவது இடையில் யூனிட்டைக் கூட்டியிருப்பார்கள். வீரியம் போன மருந்துக்குக் கூட்டிய அளவை நல்ல மருந்தில் போட்டால், இரவில் லோ சுகர் வந்துவிடும். வெயிலில் இன்சுலின் உடம்பில் வேகமாகவும் ஏறும். ஆகவே புதுப் பாட்டிலைத் தொடங்கும் முன் டாக்டரிடம் அளவைக் கேளுங்கள். முதல் சில நாள் விடியற்காலை 3 மணிக்கும் ஒருமுறை சோதியுங்கள். வியர்த்து, கை நடுங்கினால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். 300-க்கு மேல் இருக்கும்போது வாந்தியோ மூச்சு வாங்கலோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கிய உடம்பு இப்போது நாற்காலியில் இருக்கிறது. சர்க்கரை ஏற அதுவும் ஒரு காரணம். காலையிலும் மாலையிலும் வெயில் தாழ நடக்கச் சொல்லுங்கள்.

தலைசுற்றலுக்கு வருவோம். குளிரில் சுருங்கியிருந்த ரத்தக்குழாய் வெப்பத்தில் விரிகிறது, பிரஷர் இறங்குகிறது. அந்த இரண்டு பிரஷர் மாத்திரையில் ஒன்று நீர் பிரியும் மாத்திரையாக இருந்தால், வியர்வையோடு சேர்ந்து உடம்பின் உப்பும் குறைந்துவிடும். மலைக்காரர்களுக்குத் தாகம் என்பதே தெரியாது. டீயிலேயே நாளை ஓட்டுவார்கள். "தண்ணி ஒத்துக்கல" என்பதைவிட, குடிக்கும் தண்ணீர் போதவில்லை என்பது சரியாக இருக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 குறைந்தால் சீட்டை மாற்றி எழுத வேண்டும். ரத்தத்தில் உப்பைக் காட்டும் சோடியம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையும் தேவை. அவருடைய சீட்டு 1,500 மீட்டருக்கு மேலே, சால்வை போர்த்திய உடம்புக்கு எழுதியது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வரும்.

இனி அந்த வாசற்படி. கடல் தாண்டி வந்ததையும் சேர்த்தால் இது அவருக்கு இரண்டாவது இடப்பெயர்வு. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, ஓட்டில் மழை விழும் சத்தத்துக்கே எழுந்து நிற்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் பைத்தியம் இல்லை. "பயப்படாதீங்க அத்தை" என்று சொல்லிப் பையைப் பிடுங்காதீர்கள். மருந்துச் சீட்டு, ஒரு வார மாத்திரை, கொஞ்சம் சர்க்கரை எல்லாம் அந்தப் பையிலேயே இருக்கட்டும். மழை பெய்தால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். ஆனால் ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் வரவில்லை என்றால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். தலைசுற்றலோடு அது சேர்ந்தால் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறியும்.

கடைசியாக, சாமான் எடுக்க யாராவது பழைய வீட்டுக்குப் போய்ச் சேற்றிலும் புதரிலும் புழங்கினால், அடுத்த சில வாரங்களில் வரும் காய்ச்சலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எலிக்காய்ச்சலாகவோ, பூச்சி கடித்து உடம்பில் கருப்புப் பொருக்கு விடும் உண்ணிக்காய்ச்சலாகவோ இருக்கலாம். டாக்டர் கேட்காவிட்டாலும், மலைக்குப் போய் வந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள்.