செல் பயாலஜி ஆராய்ச்சி: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: மகள் பி.எஸ்சி. உயிர்வேதியியல் இறுதியாண்டு படிக்கிறாள். ஆர்என்ஏ, செல் நகர்வு என்று ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். பிழைப்புக்கு ஆகுமா?

அம்மா, ஆகும். ஆனால் காலம் பிடிக்கும். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள், பிறகு போஸ்ட்டாக் என்னும் தற்காலிக ஆய்வுப் பணி. நிரந்தர ஆய்வுப் பணி பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டித்தான். அதற்கு வீடு தயாரா என்பதை முதலில் மகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

துறை நல்ல துறை. காயம் ஆறுவதும் புற்றுநோய் பரவுவதும் செல்கள் இடம் பெயர்வதால்தான். நகரும் செல் தன் முன்விளிம்பை ஆக்டின் புரதத்தால் தள்ளுகிறது. அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏ (ஆர்என்ஏயின் ஒரு வகை) விளிம்பருகே குவிகிறது என்று விஞ்ஞானிகள் ஜீன் லாரன்ஸும் ராபர்ட் சிங்கரும் 1986-இல் கோழி செல்களில் காட்டினார்கள். அந்த எம்ஆர்என்ஏயின் வால்பகுதியில் உள்ள 54 வேதி எழுத்துகள்தான் அதை அங்கே கொண்டுபோகும் முகவரி என்று பின்னர் தெரிந்தது. இந்தியாவிலும் ஆர்என்ஏ தொழிலாகிவிட்டது. புணேயின் ஜெனோவா நிறுவனத்தின் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது.

அன்றாட வேலை என்னவென்று மகள் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டு நிறைய வளர்ந்த செல்கள்மீது 200 மைக்ரோலிட்டர் பிப்பெட்டின் பிளாஸ்டிக் முனையால் கோடு கீறி, கழுவி, இடைவெளி மூடுவதை 0, 12, 24 மணி நேரத்தில் படமெடுப்பார்கள். செல்களைப் பெருகத் தூண்டும் சீரத்தைக் குறைக்காவிட்டால் செல்கள் நகர்ந்து மூடினவா, பெருகி மூடினவா என்று சொல்ல முடியாது. மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா புகுந்துவிட்டால் மாதக்கணக்கான உழைப்பு வீண். சாதாரண மைக்ராஸ்கோப்பில் அது தெரியாது. செல்சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கும் சாகாது. டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆரில் அடிக்கடி சோதிப்பதுதான் வழி. ஆர்என்ஏ பிரித்தெடுத்தால் அதன் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 2.0 ஒட்டி வர வேண்டும். 260/230 விகிதம் குறைந்தால் பிரித்தெடுக்கப் பயன்படுத்திய பீனாலோ குவானிடின் உப்போ தங்கியிருக்கிறது என்று பொருள். வெறுங்கையால் தொட்டால் தோலில் உள்ள ஆர்என்ஏஸ் நொதி சாம்பிளைச் சிதைத்துவிடும். மீதி நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் படங்களை அளப்பதுதான். ஃபிஜி மென்பொருள் இலவசம், இன்றே பழகத் தொடங்கலாம். கொஞ்சம் பைத்தான் நிரல்மொழியும் தெரிந்தால் பெரிய பலம்.

எம்.எஸ்சி. நுழைவுக்கு ஐஐடி ஜாம் தேர்வின் பயோடெக்னாலஜி தாளை எழுதட்டும். அதில் பிளஸ் டூ அளவு கணிதமும் இயற்பியலும் உண்டு; கணிதம் இல்லாத குரூப்பில் படித்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். மகளும் அப்படியென்றால் இப்போதே கணிதத்தை எடுக்கச் சொல்லுங்கள். பி.எஸ்சி. முடித்து நேராக ஒருங்கிணைந்த பிஎச்.டி. (எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்தது) சேர பெங்களூரின் ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ் ஆய்வு நிறுவனங்கள் இரண்டிலும் வழி உண்டு. எம்.எஸ்சி. போனால் இறுதியாண்டிலேயே சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதலாம். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பிறகு 42,000. பிஎச்.டி.க்கு வீட்டுப் பணம் தேவைப்படாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: எம்.எஸ்சி. புராஜெக்டைக் காசு கொடுத்து வெளியே வாங்காதீர்கள். நேர்காணலில் கட்டுப்பாட்டு மாதிரி (ஒப்பிட்டுப் பார்க்க வைப்பது) எது, எத்தனை முறை செய்தீர்கள் என்று கேட்டதுமே குட்டு வெளிப்பட்டுவிடும். உண்மையான லேபில் ஆறு மாதம் இருக்கட்டும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்குமுன் அங்கே படிக்கும் மாணவர்களிடம் பேசச் சொல்லுங்கள். முன்னவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், செல்லை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் சொந்தமா, ஸ்லாட்டுக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், ஃபெலோஷிப் தாமதமானால் லேப் கைகொடுக்குமா என்று கேட்டுக்கொள்ளட்டும்.