தம்பிகள் மனசு வைத்தால்தான் அக்காவுக்குப் பங்கா?

கேள்வி:

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். மண்டபத்துக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. எனக்கு 57 வயசு. சின்ன வயசிலிருந்தே பாசி எடுக்கிறேன். 1987-ல் உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தார்கள். 12 பவுன் போட்டார்கள். அப்போதே, 'சீர் பெற்றுக்கொண்டேன், இனிப் பிறந்த வீட்டில் பாத்தியம் இல்லை' என்று ஒரு முத்திரைத்தாளில் எழுதிக் கைரேகை வாங்கினார்கள். அப்பா 1994-ல் தன் பெயரில் ஐந்து சென்ட் கிரயம் வாங்கி வீடு கட்டினார். ஒரு ஃபைபர் வல்லமும் இருக்கிறது. அதற்கு இன்ஜின் வாங்கியது என் பெயரில் எடுத்த மகளிர் குழுக் கடனில். அப்பா 2023-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா தம்பிகளோடு இருக்கிறார். இரண்டு தம்பிகளும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். 1989-க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குச் சட்டத்திலேயே பங்கு கிடையாதாம். அப்பாவின் மூன்று லட்சம் கடனையும் சமமாகக் கட்டுவாயா என்கிறார்கள். நான் கோர்ட்டுக்குப் போனால் 50,000 ரூபாய் தண்டம், யாரும் என்னை வல்லத்தில் ஏற்றக் கூடாது என்று ஊர்க் கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். 'டிவியில் பெண்ணியம் பேசுறவங்களைப் பார்த்துக் கெட்டுப்போய்ட்ட' என்கிறான் சின்னத் தம்பி. அவர்களைப் பகைத்துக்கொள்ளவும் எனக்கு மனசில்லை. எனக்குப் பங்கு உண்டா, இல்லையா?

பதில்:

உண்டு, சகோதரி. வீட்டிலும் மனையிலும் வல்லத்திலும் உங்களுக்கு நான்கில் ஒரு பங்கு உண்டு. அம்மாவுக்கு ஒன்று, தம்பிகளுக்கு ஆளுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. அப்பா கண்ணை மூடிய அன்றே அது உங்களுடையதாகிவிட்டது. தம்பிகள் மனசு வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை, கமிட்டி தீர்மானம் போட்டு மறுக்கவும் முடியாது. நீங்களாகக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தால் மட்டுமே அது போகும். அதனால் இந்தப் பதிலை முழுக்கப் படித்து முடிக்கும் வரையாவது அந்தப் பத்திரத்தைத் தொடாதீர்கள்.

முதலில் அந்த 1989 கதை. நம் கடற்கரையில் எத்தனையோ அக்காமாரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய பேச்சு இது. தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் 25.3.1989 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்குத் திருமணம் ஆகாமல் இருந்த மகள்களுக்கு மட்டும் அது பங்கு கொடுத்தது என்பது உண்மைதான். ஆனால் அது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றிய சட்டம். உங்கள் அப்பா கடலில் உழைத்த காசில் 1994-ல் வாங்கிய மனை அவருடைய சுயசம்பாத்தியம். அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகனும் மகளும் மனைவியும் சமம் என்று 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே, அதன் 8-வது பிரிவிலேயே, சொல்லிவிட்டது. மகளுக்குக் கல்யாணம் ஆனதா, எந்த வருஷம் ஆனது என்ற கேள்வியே அங்கே இல்லை. நீங்கள் பிறப்பதற்கு முன்பே வந்த சட்டம் இது. உங்கள் ஊரில் யார் காதிலும் இன்றுவரை விழவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அதே 1956 சட்டத்தில் முன்பு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும் வரை பெண் பாகம் கேட்க முடியாது என்று 23-வது பிரிவு சொன்னது. 9.9.2005 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவே இல்லை. ஆகவே, 'நாங்கள் குடியிருக்கிறோம், பிரிக்க முடியாது' என்ற பதிலும் இனிச் செல்லாது.

சரி, 'அந்த மனை கூட்டுக் குடும்பப் பணத்தில் வாங்கியது' என்று தம்பிகள் வாதத்தை மாற்றினால்? அங்கேயும் வழி அடைபட்டிருக்கிறது. 2005 திருத்தம் மகளையும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி ஆக்கிவிட்டது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அதை உறுதி செய்தது. திருமணத் தேதி பொருட்டில்லை, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடித்த சொத்துகளை மட்டும் திருத்தம் தொடுவதில்லை. உங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அப்பா, இரண்டு தம்பிகள், நீங்கள் என நான்கு பங்கு. அதில் அப்பாவின் கால் பங்கு மறுபடி உங்கள் மூன்று பேருக்கும் அம்மாவுக்கும் பிரியும். முடிவில் உங்களுக்கு 16-ல் 5 வரும், அதாவது இப்போது இருப்பதைவிடக் கூடுதல். குறைவது அம்மாவின் பங்குதான், 16-ல் 1 ஆகிவிடும். தம்பிகளிடம் இதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 1987 கைரேகை. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்தார், இந்த மனையை வாங்கவே இல்லை. உயிரோடு இருக்கும் ஒருவரின் சொத்து பின்னால் நமக்கு வரலாம் என்பது வெறும் எதிர்பார்ப்புதான். அதை எழுதிக் கொடுக்கவோ விற்கவோ முடியாது என்று 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 6-வது பிரிவில் சொல்கிறது. இங்கே மற்ற வாசகிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட சொத்துக்கு ஈடாகக் கணிசமான பணம் வாங்கிக்கொண்டு விடுதலை எழுதிக் கொடுத்தவர் பிறகு பங்கு கேட்டு வந்தால், நீதிமன்றம் அவரைத் தடுத்த தீர்ப்புகளும் இருக்கின்றன. அதனால் அந்தத் தாளின் நகல் ஒன்றை எப்படியாவது பெற்று, அதில் இருக்கும் வாசகத்தை வக்கீலிடம் காட்டுங்கள். 12 பவுன் நகை உங்களுடைய சொந்தச் சொத்து. கல்யாணத்துக்குப் போட்ட நகையைப் பங்கில் கழிக்கச் சொல்லும் பிரிவு எதுவும் வாரிசுரிமைச் சட்டத்தில் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு வரதட்சணை கொடுத்ததால் பங்கு இல்லை என்று யாராவது வாதிட்டால், 1961-லிருந்து வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்பதை நினைவுபடுத்துங்கள். குற்றம் என்று சட்டம் சொல்லும் ஒன்றைக் காட்டி இன்னொருவரின் உரிமையைப் பறிக்க முடியாது.

கடன் விஷயத்தில் தம்பிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சமம் என்றால் கடனிலும் சமம்தான். ஆனால் கடன் அப்பாவுடையது என்று காட்ட வேண்டும். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் என்றால் கணக்கு எங்கே? அப்பா இறந்த பிறகு தம்பிகள் தொழிலுக்கு வாங்கியதையும் அதிலேயே சேர்த்திருக்கிறார்களா? உண்மையான கடனுக்கும், அப்பாவின் சொத்திலிருந்து உங்களுக்கு எவ்வளவு வருகிறதோ அந்த அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது. அதே மேசையில் உங்கள் குழுக் கடனையும் வையுங்கள். நம் கரையில் வலை, இன்ஜின், ஐஸ் பெட்டி என்று எத்தனையோ பொருள் பெண்கள் குழுவில் எடுத்த கடனில்தான் வருகிறது. வாராவாரம் தவணை கட்டுவது பெண், படகு மட்டும் ஆண் பெயரில். அந்த இன்ஜினுக்கு நீங்கள் கொடுத்த பணம் அப்பா உங்களுக்குத் தர வேண்டியது என்று கேட்கலாம். குழுவின் தீர்மான நோட்டு, பாஸ்புத்தகம், இன்ஜின் ரசீது மூன்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும். பெற்றோரைப் பராமரிக்கும் கடமை மகனுக்கு மட்டும் என்று 2007-ம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை, மகளையும் சேர்த்தே சொல்கிறது. அம்மாவுக்கு மாதாமாதம் இவ்வளவு தருகிறேன், அல்லது வருஷத்தில் பாதி என்னோடு இருக்கட்டும் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அம்மாவின் கால் பங்கு அவருடைய முழு உரிமை என்பதையும் அவரிடம் தனியாக உட்கார்ந்து விளக்குங்கள். வயதான தாய்மாரிடம் சத்தமில்லாமல், சொத்தை இனாமாக மாற்றும் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதி வாங்கும் வேலை இப்போது நிறைய நடக்கிறது.

இனி கமிட்டி. ஊர்க் கமிட்டியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வலைத் தகராறு, கடலில் காணாமல் போனவரைத் தேடுவது, திருவிழா என்று அது செய்கிற காரியங்கள் எனக்குத் தெரியும். உட்கார்ந்து சமாதானம் பேசலாம், அதில் தப்பில்லை. தண்டம் போடுவதும் தொழிலை நிறுத்துவதும் வேறு. தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம், கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று சொல்லி, அதை ஒடுக்கும் பொறுப்பை அதிகாரிகள் மேல் வைத்தது. கோர்ட்டுக்குப் போகாதே என்று மிரட்டுவதும், வல்லத்தில் ஏற விடாமல் பிழைப்பைத் தடுப்போம் என்பதும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில் குற்ற மிரட்டல் ஆகலாம். மிரட்டித் தண்டத்தை வாங்கியே விட்டால் 308-வது பிரிவின்படி மிரட்டிப் பணம் பறித்தலும் சேரலாம். வாட்ஸப்பில் குரல் பதிவோ செய்தியோ வந்திருந்தால் அழிக்காதீர்கள், அந்த ஃபோனையும் மாற்றாதீர்கள். கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதி என்று உங்கள் பிள்ளைகளை விட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் ஒரு பிரதி கொடுங்கள்.

ஒன்று எனக்கு மனசில் உறுத்துகிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் தொழிலுக்குத் தண்டனை எழுதிய அந்தக் கமிட்டியில் பேச ஒரு பெண்ணாவது இருந்தாரா? பாசி அழிந்துவிடக் கூடாது என்று, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இந்தக் கரையின் பெண்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. கடலுக்கு விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு ஊர்க் கூட்டத்தில் பேசத் தெரியாதா?

சின்னத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. பெண்ணுக்குச் சமபங்கு என்பது டிவி வந்த பிறகு வந்த பேச்சு இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சொத்தில் ஆணுக்கு இருக்கும் உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது வருஷம் கழித்து வந்ததுதான் அந்த 1989 திருத்தம். பெண்ணுக்குச் சொத்துரிமை கொடுக்க வந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கிக் கிடந்தது முக்கியமான காரணமாகி, 1951-ல் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியையே விட்டு விலகினார். உங்கள் அக்கா கேட்பது இவ்வளவு பேர் போராடிச் சட்டமாக்கியதை. அதைக் கெட்டுப்போனது என்று சொல்வது நியாயமில்லை.

இந்தப் பதில் இந்துக் குடும்பங்களுக்கு. தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு போக, மீதி மகனுக்கும் மகளுக்கும் சமம். முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று, ஆனால் அந்த ஒன்றை யாரும் மறுக்க முடியாது. கீழக்கரையில் கல்யாணத்தின்போது மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமே இருக்கிறது. பெண் கையில் வீடு இருந்தால் குடும்பம் உடைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் அங்கே ஒருமுறை விசாரிக்கலாம்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இதுதான். அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடுங்கள். தாசில்தார் கொடுப்பார். தம்பிகள் ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மகளை விட்டுவிட்டு வாங்கிய சான்றிதழ்கள் என் மேசைக்கு வருகின்றன. பெயர் இல்லை என்றால் உடனே ஆட்சேபணை கொடுங்கள். வீட்டு மனைக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் பட்டாவையும் வல்லத்தின் பதிவையும் மாற்றக் கூடாது என்று தாசில்தாருக்கும் மீன்வளத் துறைக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள்.

அதன் பிறகு ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எடுத்த எடுப்பில் பாகப்பிரிவினை வழக்குப் போடச் சொல்ல மாட்டேன். வழக்குக்கு முந்தைய சமரசமாக மக்கள் நீதிமன்றத்தில் மனுக் கொடுங்கள், தம்பிகளுக்கு அழைப்பு போகும். கட்டணம் இல்லை. அங்கே எழுதும் உடன்பாடு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் கிடையாது. வீட்டைத் தம்பிகளே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், உங்கள் கால் பங்கைச் சந்தை மதிப்புக்கு அவர்களுக்கே கொடுக்கலாம். நீங்கள் விற்க நினைத்தால் மற்ற வாரிசுகளுக்கு வாங்குவதில் முன்னுரிமை உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவும் சொல்கிறது. வெளியாள் வீட்டுக்குள் வந்துவிடுவானோ என்பதுதான் அவர்களுடைய பயம் என்றால், அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பணத்தைத் தவணையாகத் தருவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேதியும் தொகையும் உடன்பாட்டில் ஏறட்டும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து, கடைசித் தவணையும் கைக்கு வந்த பிறகு, சார் பதிவாளர் முன்னால்.

அவர்கள் வரவே மாட்டோம் என்றால் மட்டும் பாகப்பிரிவினை வழக்கு. அப்போது வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று தடை உத்தரவும் சேர்த்துக் கேட்கலாம். அதற்குள் 'நான் அந்த வீட்டைவிட்டு விலகி நிற்கிறேன்' என்று எங்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கூட்டுச் சுவாதீனத்தில், அதாவது மற்ற வாரிசுகளோடு சேர்ந்து சொத்தை அனுபவத்தில் வைத்திருக்கும் பங்காளிக்கு நீதிமன்றக் கட்டணம் குறைந்த நிலைத் தொகைதான், வெளியேற்றப்பட்டவர் பங்கின் மதிப்புக்குத் தக்கபடி கட்ட வேண்டிவரும். அம்மாவைப் பார்க்க அந்த வீட்டுக்கு எப்போதும் போல் போய்வாருங்கள்.