கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குத் தனியாகச் சைக்கிளில்: கேள்விகளும் பதில்களும்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரே நாளில் தனியாக மிதித்துப் போய்ச் சேர்ந்ததைச் சொன்னதிலிருந்து பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அனுபவமுள்ளவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, உண்மையிலேயே ஒரே நாளில் போக முடியுமா? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? (மாத்தளை)

முடியும் தம்பி. தூரம் ஏறக்குறைய 77 கிலோமீட்டர்தான். ஆனால் கண்டி 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீட்டரில். கம்பளை வரை பெரிய ஏற்றம் இல்லை, அங்கே கால் பலத்தை வீணாக்காதீர்கள். புசல்லாவைக்குப் போகும்போது ஏற்றம் தெரியும். இறம்பொடை தாண்டியபின் வளைவுக்கு மேல் வளைவாக, லபுக்கலைத் தோட்டத்துக்குள்ளே ஏறிக்கொண்டே இருப்பீர்கள்.

நான் காலை ஐந்து மணிக்கு முன்பே கிளம்பிவிடுவேன். காரணம் மழை. மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு, இரண்டு மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். அந்த நேரத்தில் லபுக்கலை வளைவுகளில் நிற்கக்கூடாது. பத்தரைக்குள் இறம்பொடை, இரண்டு மணிக்குள் நுவரெலியா என்று கணக்கு வையுங்கள்.

எந்த மாதம் நல்லது? (வவுனியா)

இந்தப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவை நனைத்துக்கொண்டே இருக்கும். அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் வெலிமடை, பண்டாரவளை வெயிலாகக் காயும். அப்போது அங்கே ஓட்டலாம், காற்று பலமாக அடிக்கும், அவ்வளவுதான். ஜனவரி, பிப்ரவரியில் நுவரெலியா இரவு கடும் குளிர். கம்பளி இல்லாமல் வராதீர்கள்.

என்னிடம் கியர் இல்லாத லுமாலா சைக்கிள்தான் இருக்கிறது. போகலாமா அக்கா? (தலவாக்கலை)

போகலாம். செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். மூச்சு வாங்க மிதித்தாலும் அங்கே மணிக்கு ஆறு கிலோமீட்டர்தான் வரும், நடந்தால் நான்கு. பெரிய வித்தியாசமில்லை, முழங்கால் பிழைக்கும். கியர் சைக்கிள் வாங்குவதானால் முன்னே உள்ள சின்னப் பற்சக்கரத்தைவிடப் பின்னே உள்ள பெரிய பற்சக்கரத்தில் பல் அதிகமாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

இறக்கத்தில் பிரேக் தாங்குமா? (பதுளை)

இதைக் கேட்டதற்கு நன்றி அண்ணே. ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அடிபட்டது இறக்கத்தில். ஹக்கலை தாண்டி வெலிமடைக்கு இறங்கும்போது பயத்தில் பின் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போனேன். ரிம் கொதித்து டியூப் வெடித்துவிட்டது. தேயிலைச் செடிப் பக்கம் விழுந்ததால் முழங்கையோடு போயிற்று. பள்ளத்துப் பக்கம் என்றால் நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதிலிருந்து பழக்கத்தை மாற்றிவிட்டேன். வளைவுக்கு முன்னே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுவேன். ரிம்முக்குக் காற்றுப் பட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, விரலை ரிம் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பேன், தொடமாட்டேன். புது பிரேக் கட்டை ஒரு சோடி எப்போதும் பையில் இருக்கும். ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கத் தாமதமாகும், ஆகவே வேகத்தை முன்கூட்டியே குறையுங்கள்.

பஸ்காரர்கள்? (கொழும்பு)

ஹாரன் கேட்டதும் இடது ஓரம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். வளைவில் மேலே இருந்து பஸ் வந்தால் காலை ஊன்றி நிற்பதே நல்லது. இறம்பொடைச் சுரங்கப்பாதைக்குள்ளும் பனிமூட்டத்திலும் பின் சிவப்பு விளக்கு கட்டாயம்.

பெண் தனியாகப் போனால் பயமில்லையா அக்கா? (ஹட்டன்)

தங்கச்சி, நான் நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் நிற்பேன். கோயில் வாசல், கொழுந்து நிறுக்கிற இடம், பெண்கள் இருக்கும் தேநீர்க்கடை. "எந்தத் தோட்டம், யார் மகள்?" என்று கேட்பார்கள். பதில் சொன்னால் பிளேன்டீயும் ரொட்டியும் கட்டச்சம்பலும் வரும், சில சமயம் காசும் வாங்கமாட்டார்கள். இருட்டிய பிறகு ஓட்டமாட்டேன். எங்கே இருக்கிறேன் என்று வீட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறுஞ்செய்தி போடுவேன். அவசரத்துக்கு 1990 ஆம்புலன்ஸ் எண்ணைப் போனில் சேர்த்துவைத்துக்கொள்.

மழை பெய்து ரோட்டில் மண் சரிந்திருந்தால்? (இரத்தினபுரி)

திரும்பிவிடுங்கள். பாதி ரோடு திறந்திருந்தாலும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்காதீர்கள், மேலே இருக்கிற மண் இன்னும் வரலாம். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் ஒரு காலையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வரிசைகள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும். கிளம்புவதற்கு முந்தைய இரவு அதைப் பாருங்கள், சந்தேகமிருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குப் பேசுங்கள். போன வருடம் இரண்டு முறை இப்படிப் புசல்லாவையில் பயணத்தை நிறுத்தி, சைக்கிளைக் கடையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.