கீமோ முடிந்த பையன் மறுபடியும் ஓடலாமா?

சுங்கை சிப்புட் தோட்டத்துப் பையன், 400 மீட்டர் ஓட்டக்காரன். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கீமோ முடிந்திருக்கிறது. "மேக்ஸ் பரோ மாதிரி நானும் திரும்பலாமா" என்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள்.

திரும்பலாம். ஆனால் பரோவின் வேகத்தைக் கணக்காக வைக்காதீர்கள். அந்தக் கனடா பனிச்சறுக்குப் பலகை வீரருக்கு 2018 டிசம்பரில் இதே நோய். ஆறு மாதத்தில் 12 கீமோ, 2019 ஆகஸ்ட்டில் ஆஸ்லோவில் பிக் ஏர் (பெரிய சரிவிலிருந்து ஒரே தாவலில் சாகசம் காட்டும் போட்டி) தங்கம், 2022இல் ஒலிம்பிக் தங்கம். பிக் ஏரில் ஒரு தாவல் சில நொடிதான். 400 மீட்டரோ இதயத்தையும் நுரையீரலையும் கடைசிவரை பிழியும்.

கொடுத்த மருந்துகளில் டாக்ஸோரூபிசின், பிளியோமைசின் உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முன்னது இதயத்தையும் பின்னது நுரையீரலையும் பாதிக்கக்கூடும். எக்கோ (இதய ஸ்கேன்), நுரையீரல் சோதனை, ஹீமோகுளோபின் பார்த்து அவர் சரி சொன்ன பிறகே திடல்.

வெயில் ஏறுமுன் 10 நிமிட நடை. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். வாரம் 5 நிமிடம் கூட்டி 30 வந்ததும், ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை.

காலையில் படுக்கையை விட்டு எழும்முன் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு 60 நொடி நாடியை எண்ணி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட 10 கூடினால் அன்று ஓய்வு. பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: ஒருநாள் தெம்பாக இருக்கிறதென்று பாய்ந்து ஓடி, மூன்று நாள் படுத்துவிடுவார்கள்.

காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பனடோல் மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள், உடனே மருத்துவமனை.