மூன்று மா நஞ்சையை விற்க வேண்டாம், ஐயா

ஐயா, மன்னார்குடியிலிருந்து மகளையும் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். "இந்த நீட் மார்க்குக்கு எங்கேயாவது டாக்டர் சீட் கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். பதறாதீர்கள் என்றேன். இனி ஆறுதல் பேச்சு வேண்டாம், நேராகவே சொல்கிறேன்.

மூன்று மா நஞ்சையை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்கிறார் மைத்துனர். கூடாது. அங்கே முடித்து வந்தாலும் இங்கே வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறினால்தான் டாக்டராகப் பதிவு செய்ய முடியும். தேறாத வருடங்களுக்கும் நீங்கள்தான் சோறு போட வேண்டும். மேட்டூர் எப்போது திறக்கும் என்று பார்த்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு அந்த நிலத்தை விட்டால் வேறு பிடிமானம் ஏது? கடன் பத்திரத்தில் மைத்துனரும் கையெழுத்துப் போடுவாரா, கேட்டுப் பாருங்கள்.

அன்று உங்கள் மகள் கேட்டதை நீங்கள் இருவருமே காதில் வாங்கவில்லை. பாட்டி சித்தப்பாவுக்குக் கொடுத்த கிட்னியோடு வந்த சைட்டோமெகலோ வைரஸ், பாட்டியை ஒன்றும் செய்யாமல் சித்தப்பாவை மட்டும் ஏன் படுக்கவைத்தது என்று கேட்டாள். அருமையான கேள்வி. ஒருமுறை தொற்றினால் அந்த வைரஸ் உடம்பைவிட்டுப் போகாது, அடங்கிக் கிடக்கும். பாட்டியின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கியே வைத்திருந்தது. சித்தப்பா உடம்புக்கு அது புதிது. போதாததற்கு, புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடக் கூடாதென்று டாக்ரோலிமஸ் மாதிரி மாத்திரை கொடுத்து எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடுவார்கள். கொடுப்பவருக்கு வைரஸ் இருந்து வாங்குபவருக்கு இல்லையென்றால்தான் ஆபத்து அதிகம். அதனால் இந்த வைரஸை அடக்கும் வால்கான்சிக்ளோவிர் மருந்தை மாதக்கணக்கில் முன்கூட்டியே கொடுப்பதுண்டு.

மாற்றிய கிட்னியைத் தாக்கும் இன்னொரு வைரஸான பி.கே. வைரஸின் கதை வேறு. அதற்கென்று நம்பகமான மருந்து கிடையாது. ரத்தத்தில் அதன் அளவு ஏறினால் எதிர்ப்பை அடக்கும் மாத்திரையைக் குறைப்பார்கள். ரொம்பக் குறைத்தால் உடம்பு கிட்னியையே நிராகரிக்கும். அந்த அளவை பி.சி.ஆர். கருவியில் எடுத்துத் தருகிறவர் ஆய்வகத் தொழில்நுட்பர். அவர் தரும் எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையில் கை வைப்பார்.

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை எடுக்கிற இரவில் நெருக்கடி இன்னும் கூடும். வெளியே எடுத்த இதயம் 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். அதற்கு முன்பே எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி முடிவுகள் கையில் இருக்க வேண்டும். தொற்றிய புதிதில் ஆன்டிபாடி சோதனை 'இல்லை' என்றே காட்டும். வைரஸின் மரபணுவைத் தேடும் நாட் சோதனை முன்னதாகப் பிடிக்கும், ஆனால் அதிலும் முதல் சில நாட்கள் தப்பிவிடும். இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டு வேலை பார்க்கிற ஆள் வேண்டும்.

இதற்கான படிப்பு பி.எஸ்சி. எம்.எல்.டி., அதாவது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடந்துவந்திருக்கிறது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் நிலத்தைத் தொட வேண்டிய செலவு இல்லை. அப்புறம் விருப்பமிருந்தால், தகுதி விதியைப் பார்த்துக்கொண்டு, புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில் வைரஸ்களைப் பற்றிய படிப்பான எம்.எஸ்சி. வைராலஜிக்கு முயலலாம். இதெல்லாம் எட்டாத ஊர் விஷயம் என்று நினைக்காதீர்கள். கொரோனாவின்போது திருவாரூர் மருத்துவக் கல்லூரியிலேயே பி.சி.ஆர். பரிசோதனை நடந்தது.

ஆரம்பச் சம்பளம் குறைவு, ஒப்பந்த வேலையாக இருக்கலாம், நைட் டியூட்டியும் உண்டு. மைத்துனர் சிரிப்பார், சிரிக்கட்டும். தனியார் கல்லூரி என்றால், சொந்த மருத்துவமனையும் ஓடுகிற பி.சி.ஆர். ஆய்வகமும் இருக்கிறதா என்று மகளோடு நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். இன்னொரு வருடம் நீட் கோச்சிங் வேண்டுமா என்பதை அவளிடம் கேளுங்கள், மைத்துனர் பக்கத்தில் இல்லாதபோது.