வேண்டாம் என்று சொல்ல ஒருவன்

அன்புள்ள ஐயா,

2020 மார்ச்சில் நான் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. கடைகளில் சானிடைசர் கிடைக்காமல் போனபோது உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி எங்கள் ஆய்வகத்திலேயே தயாரித்தோம். கையிலுள்ள வைரஸைக் கொல்ல ஹைட்ரஜன் பெராக்சைடும், மணத்துக்கு ரோஜா எசென்ஸும் சேர்த்து, அன்று மாலையே தூய்மைப் பணியாளர்களுக்கும் ரேஷன் கடைக்கும் கொடுத்தோம். இப்போது விரிவுரையாளராக இருக்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் அறிவியல் மாணவர்களின் பங்கு பற்றி ஒரு கருத்தரங்கில் பேச வேண்டும். இப்படிப்பட்ட சேவையை மதிப்பெண் கொடுத்துக் கட்டாயமாக்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

படித்ததும் முதலில் சந்தோஷம்தான். 200 மில்லி பாட்டிலை 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய அரசே உத்தரவு போட வேண்டியிருந்த மாதம் அது. ரேஷன் கடைக்காரர் மேசையில் ஒரு பாட்டில் இருந்தது சின்ன விஷயமில்லை.

அப்புறம் கோபம் வந்தது. நீங்கள் சொல்லும் முறையில் 10 லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8,333 மில்லி, 3 சதவீத பெராக்சைடு 417 மில்லி, கிளிசரால் 145 மில்லி, மீதி கொதித்து ஆறிய தண்ணீர். அந்தப் பெராக்சைடு கைக்காக அல்ல, திரவத்திலும் பாட்டிலிலும் தங்கியிருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகளை அழிக்க. அதற்காகத்தான் நிரப்பிய பிறகு 72 மணி நேரம் எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். நீங்கள் மாலையே கொடுத்திருக்கிறீர்கள்! ரோஜா எசென்ஸ் யார் யோசனை? ஒவ்வாமை வரலாம், வாசனை சேர்க்காதீர்கள் என்று அதே தாளில் இருக்கிறது. மேடையில் இதை இப்படியே சொல்லிவிடாதீர்கள், அம்மா.

மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் வந்தால் பேனரும் போட்டோவும் கூடவே வரும். விடுங்கள்.

ஒரு வாரமாக என் மண்டைக்குள் ஓடுவது வேறு. பழைய போனில் படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிருமிநாசினிச் சுரங்கத்தின் படம் அகப்பட்டது. நினைவிருக்கிறதா? 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் வைத்தார்கள், உடனே ஊருக்கு ஊர் முளைத்தது. எங்கள் காய்கறிச் சந்தை வாசலிலும் ஒன்று. இரும்புச் சட்டம், தார்ப்பாய், உள்ளே சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலைப் பனிபோல் பீய்ச்சும் குழாய்கள். கீரைக்காரம்மா தலையில் கட்டோடு நுழைந்து, முந்தானையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே வெளியே வருவார். அடுத்த கட்டை எடுக்கப் போனால் மறுபடி ஒரு குளியல்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், உங்களைப் போலவே அப்போது இரண்டாம் ஆண்டு வேதியியல், சந்தைச் சங்கத்துக்காரர்களிடம் போய் நின்றான். "இது தரை துடைக்கிற மருந்துண்ணே. மேசையில ஊத்தினாலே பத்து நிமிஷம் ஊறணும், இங்க மூணு செகண்ட்கூட இல்ல. நோய் இருக்கிறவருக்கு வைரஸ் நெஞ்சுக்குள்ள இருக்கு, சட்டைய நனைச்சு என்ன பிரயோஜனம்? கண்ணும் தொண்டையும்தான் எரியும். ஒரு டிரம்மும் சோப்பும் வைங்க, போதும்." செயலாளர், "தம்பி, முதல்ல உன் அரியரை முடி" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இதைத்தான் சொல்ல வருகிறேன். பாட்டில் கொடுக்கப் போனால் நன்றி சொல்வார்கள். ஊரே நம்பிச் செய்துகொண்டிருப்பதை நிறுத்தச் சொல்லப் போனால் திட்டுதான் கிடைக்கும். ஆனால் பாட்டில் கொடுக்க எந்த மன்றத்து ஆளும் போதும். அந்தக் கரைசல் தோலில் என்ன செய்யும் என்று சொல்ல வேதியியல் படித்தவர் வேண்டும். எத்தனை கல்லூரிகள், எத்தனை வேதியியல் துறைகள், எத்தனை முனைவர்கள் இங்கே! எத்தனை பேர் சந்தை வாசலில் வந்து நின்றார்கள்? சுரங்கத்தை வடிவமைத்துக் கொடுத்த கல்லூரிகளும் உண்டு. கடைசியில் ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், ஆட்கள் மேல் தெளிப்பது உடலுக்கும் மனத்துக்கும் கேடு, செய்யாதீர்கள் என்றது. தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை அதற்கு முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தது. தார்ப்பாய் இரவோடு இரவாகக் காணாமல் போயிற்று. பையனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவனும் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 2021 மே மாதம், இரண்டாம் அலையில், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர், தெருவுக்குப் பொதுவாக வாங்கியது, அவனிடம்தான் இருந்தது. ஒரு ராத்திரி அதே செயலாளரிடமிருந்து போன். மனைவிக்கு அவர்கள் வீட்டு மெஷின் 86 காட்டுகிறது, மெஷின்தான் கோளாறு என்று சாதிக்கிறார். பையன் போய் அந்த அம்மாவின் நகச்சாயத்தை அழிக்கச் சொன்னான். சில்லிட்டிருந்த கையைத் தேய்த்துச் சூடாக்கச் சொன்னான். வேறு விரலில் மாட்டினான், தன் மெஷினிலும் பார்த்தான், பிறகு இரண்டையும் தன் விரலிலேயே மாட்டிப் பார்த்தான். அவனுக்கு 98, அந்த அம்மாவுக்கு 87. "மெஷின் சரியாத்தான் இருக்குண்ணே. 108-க்கு அடிங்க."

உங்கள் கருத்தரங்குக்கு அவனைக் கூப்பிட முடியுமா என்று விசாரியுங்கள். இப்போது ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வைத்தால்தான் வர முடியும்.