கர்னல் மெமரி பாதுகாப்பைச் சோதிப்பது: கேள்வி பதில்

பேசப்போவது 64 பிட் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களைப் பற்றி. சொந்தமாக கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) எழுதுபவர்களும் லினக்ஸ் கர்னலைச் சோதிப்பவர்களும் கேட்கலாம். க்யூஎம்யூ (ஒரு கம்ப்யூட்டரையே சாஃப்ட்வேரில் நடத்திக்காட்டும் ப்ரோகிராம்) ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: சார், சொந்த கர்னலில் பேஜிங் (மெமரியைப் பேஜ்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அனுமதி வைப்பது) போட்டு, ரிங் 3-இல், அதாவது யூசர் மோடில், ஒரு ப்ரோகிராமும் ஓடுகிறது. பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று எங்கிருந்து சோதிக்க ஆரம்பிப்பது?

பதில்: பேஜ் ஃபால்ட் ஹேண்ட்லரிலிருந்து, அதாவது இல்லாத பேஜையோ அனுமதியில்லாத பேஜையோ தொட்டதும் ப்ராசஸர் கூப்பிடும் கர்னல் ஃபங்ஷனிலிருந்து. அது மூன்று விஷயங்களை அச்சிடவேண்டும்: எரர் கோட், சிஆர்2 ரிஜிஸ்டரில் உள்ள முகவரி (தொட முயன்ற இடம்), ஃபால்ட் நடந்தபோது இருந்த ஆர்ஐபி (ஓடிக்கொண்டிருந்த கோடின் முகவரி). இந்த மூன்றும் இல்லாமல் சோதனை எழுதாதீர்கள்.

எரர் கோடில் பிட் 0 ஏறியிருந்தால், அதாவது 1 என்றால், பேஜ் இருக்கிறது, அனுமதிதான் இல்லை. இறங்கியிருந்தால் பேஜே இல்லை. பிட் 1 எழுத முயன்றதைக் குறிக்கும். பிட் 2 யூசர் மோட். பிட் 3 வந்தால் பேஜ் டேபிளில் ரிசர்வ்டு பிட்டை ஏற்றிவைத்திருக்கிறீர்கள். பிட் 4 என்றால் அங்கிருந்து இன்ஸ்ட்ரக்‌ஷன் எடுத்து ஓட்டப் பார்த்தது.

இனி யூசர் பக்கம். கர்னல் முகவரியைப் படித்தால் 5 (பிட் 0-க்கு 1, பிட் 2-க்கு 4) வரவேண்டும், அங்கே எழுதினால் 7. தன் சொந்த கோட் பேஜில் எழுதினாலும் 7. தன் ஸ்டாக்கில் ஒரு ரெட் (ரிட்டர்ன்) இன்ஸ்ட்ரக்‌ஷனை வைத்து அங்கே தாவினால் 21. மேப் செய்யாத இடத்தைப் படித்தால் 4. கர்னல் பக்கம்: ரீட்-ஒன்லி டேட்டாவில் எழுதினால் 3, டேட்டா பேஜில் தாவினால் 17. எஸ்மாப் (யூசர் பேஜை கர்னல் தொடவிடாத ப்ராசஸர் பாதுகாப்பு) இருக்கும்போது யூசர் பேஜைப் படித்தால் 1, எஸ்மெப் (யூசர் பேஜில் உள்ள கோடை கர்னல் ஓட்டவிடாதது) இருக்கும்போது யூசர் பேஜில் தாவினால் 17.

க்யூஎம்யூ லாக் இவற்றை ஹெக்ஸில் காட்டும். அங்கே 0011 என்று பார்த்தால் அது பதினொன்று அல்ல, 17. 0015 என்பது 21.

ஒவ்வொரு சோதனைக்கும் எதிர்ச்சோதனை ஒன்று எழுதுங்கள். குறிப்பிட்ட பாதுகாப்பை வேண்டுமென்றே அணைத்துவிட்டு ஓட்டினால் சோதனை தோற்க வேண்டும். அப்போதும் பாஸ் என்று வந்தால் நீங்கள் சோதித்தது வேறெதையோ.

கேள்வி: ரீட்-ஒன்லி டேட்டாவில் கர்னலே எழுதுகிறது, ஃபால்ட் வரவில்லை. பேஜ் டேபிள் என்ட்ரியில் ரைட் பிட் இறங்கித்தான் இருக்கிறது.

பதில்: சிஆர்0-இல் பிட் 16, டபிள்யூபி, ஏற்றியிருக்கிறீர்களா? அது இல்லாவிட்டால் ரிங் 0-இல், அதாவது கர்னல் மோடில், ஓடுவதை ரீட்-ஒன்லி தடுக்காது. 386-இல் அந்த பிட்டே கிடையாது, 486-இல்தான் வந்தது.

பிட் ஏறியிருந்தும் எழுதுகிறதென்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, 2 எம்பி பெரிய பேஜில் ரீட்-ஒன்லி டேட்டாவும் சாதா டேட்டாவும் சேர்ந்து உட்கார்ந்திருக்கலாம். லிங்கர் ஸ்க்ரிப்டில் ஒவ்வொரு செக்‌ஷனையும் 4096-க்கு அலைன் செய்து, அந்தப் பகுதியை 4 கேபி பேஜ்களாக உடைக்க வேண்டும். இரண்டு, டிஎல்பி, அதாவது பேஜ் டேபிள் என்ட்ரிகளை ப்ராசஸர் நினைவில் வைத்திருக்கும் கேஷ். அது கீழே தனிக் கேள்வியாக வருகிறது. மூன்றாவதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: அதே பிஸிகல் பேஜ், முழு ரேமையும் மேப் செய்யும் டைரக்ட் மேப்பில் இன்னொரு முகவரியில் எழுதக்கூடியதாகக் கிடக்கும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. இரண்டு முகவரியிலும் எழுதிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: இந்தப் பாதுகாப்புகளை இயக்கும் சிஆர்0, சிஆர்4, ஈஎஃப்இஆர் ரிஜிஸ்டர்கள் மூன்றும் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி. முதல் கோரில் ஏற்றிவிட்டு, பிறகு எழுப்பிய கோர்களில் மறந்துபோவது வழக்கமான பிழை. எல்லாச் சோதனைகளையும் ஒவ்வொரு கோரிலும் ஓட்டுங்கள்.

கேள்வி: நல் பாயின்டரில் எழுதினேன். பேஜ் ஃபால்ட் (எக்ஸெப்ஷன் எண் 14) வராமல் 6 வருகிறது. ஏன்?

பதில்: கம்பைலரின் வேலையாக இருக்கலாம். நல்லில் எழுதுவது நிச்சயம் என்று தெரிந்ததும் அங்கே யுடி2 என்ற, 6-ஐ எழுப்பும் செல்லாத இன்ஸ்ட்ரக்‌ஷனைப் போட்டுவிடுகிறது. வெறும் சி வரியை நம்பாதீர்கள், எழுதும் இன்ஸ்ட்ரக்‌ஷனை இன்லைன் அசெம்ப்ளியில் எழுதுங்கள். இதே ரகம்: முகவரியாக டெட்பீஃப் டெட்பீஃப் மாதிரி ஏதாவது 64 பிட் எண்ணைப் போட்டால் 13 (ஜெனரல் ப்ரொடெக்ஷன் ஃபால்ட்) வரும். அது நான்-கனானிக்கல் முகவரி, அதாவது ப்ராசஸர் ஏற்காத வடிவம், பேஜ் டேபிள் வரை போகாது, சிஆர்2-உம் மாறாது. பழைய சிஆர்2-ஐப் படித்து ஏமாறாதீர்கள்.

கேள்வி: ஃபால்ட் வந்ததும் ஹேண்ட்லரில் ஆர்ஐபியுடன் அந்த இன்ஸ்ட்ரக்‌ஷனின் நீளத்தைக் கூட்டி அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறேன். சரிதானே அண்ணா?

பதில்: சரியல்ல. இங்கே ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் 1 பைட்டும் இருக்கும், 15 பைட்டும் இருக்கும். கம்பைலர் ஆப்ஷனை மாற்றினால் நீளமும் மாறும். ஓட்ட அனுமதியைச் சோதிக்கும்போது ஆர்ஐபியே தடைசெய்த பேஜுக்குள் நிற்கிறது, எவ்வளவு கூட்டினாலும் அங்கேதான் நிற்கும். அதற்குப் பதில் ஒவ்வொரு கோருக்கும் ஒரு சின்ன ஸ்ட்ரக்ட் வையுங்கள்: எதிர்பார்க்கும் எரர் கோட், எதிர்பார்க்கும் சிஆர்2, திரும்ப வேண்டிய முகவரி. மூன்றும் பொருந்தினால் மட்டும் ஆர்ஐபியை மாற்றுங்கள். எண் ஒன்று தவறினாலும் பேனிக்.

கேள்வி (அவரே): அப்படியென்றால் ஃபால்ட் ஹேண்ட்லருக்குள்ளேயே சோதனைக்கென்று ஒரு பின்வாசல். அந்த ஸ்ட்ரக்டில் யாராவது எழுதிவிட்டால்?

கேள்வி (வேறொருவர்): அவர் சொல்வது நியாயம். சோதனைக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின், விழுந்ததும் லாகில் தேடு, அடுத்ததை பூட் செய். சின்ன கர்னல் ஒரு நொடியில் எழுந்துவிடும். திரும்பி வரவே வேண்டாமே?

பதில்: இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். யூசர் பக்கச் சோதனைக்கு இந்தச் சண்டையே தேவையில்லை: ப்ராசஸைக் கொல்லுங்கள், பேரன்ட் எக்ஸிட் ஸ்டேட்டஸைப் பார்க்கட்டும். கர்னல் பக்கத்தில், பாதுகாப்பு இல்லாமல் எழுத்து உண்மையிலேயே நடந்துவிட்டால் கர்னல் கெட்டுப்போகிறது, அதற்குப் பிறகு வரும் முடிவுகளை நம்ப முடியாது. அந்த மட்டில் புது மெஷின் கட்சிக்கு என் ஓட்டு. ஆனால் 40 சோதனை, 8 கோர் என்றால் 320 பூட். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதை யாரும் ஓட்ட மாட்டார்கள். ஓட்டாத சோதனை இருந்தென்ன?

கேள்வி (முதலாமவர்): ரிலீஸில் அந்த ஸ்ட்ரக்டை கம்பைல் செய்யாமல் விட்டுவிட்டால்? இல்லை, அப்போது நாம் சோதித்த கர்னல் வேறு, கொடுக்கும் கர்னல் வேறு ஆகிவிடும்.

பதில்: நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். வழி இருக்கிறது. யூசர் மெமரியிலிருந்து காப்பி செய்யும் ஃபங்ஷனுக்கு எக்ஸெப்ஷன் டேபிள் எப்படியும் தேவை: "இந்த ஆர்ஐபியில் ஃபால்ட் வந்தால் அந்த முகவரிக்குப் போ" என்ற ஜோடிகள், ரீட்-ஒன்லி பேஜில். லினக்ஸில் அது எப்போதும் உண்டு. படிப்பது, எழுதுவது ஆகிய சோதனைகளின் ஆர்ஐபிகளையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். ஹேண்ட்லரில் சோதனைக்கென்று தனி வழி எதுவும் சேராது, ரிலீஸிலும் அதே ஹேண்ட்லர்தான். எதிர்பார்த்த எண்களோடு ஒப்பிடுவது சோதனை கோடின் பொறுப்பு. எரர் கோடையும் சிஆர்2-ஐயும் ஹேண்ட்லர் பதிந்து வைத்தால் போதும். என் முந்தைய பதிலில் சொன்ன ஸ்ட்ரக்டைவிட இதுவே மேல்.

ஓட்ட அனுமதிச் சோதனை மட்டும் இதில் அடங்காது. ஆர்ஐபி தடைசெய்த பேஜில் இருப்பதால் டேபிளில் தேடினால் கிடைக்காது. அதையும் ஸ்டாக் நிரம்பி வழியும் சோதனையையும் புது மெஷினில் ஓட்டுங்கள். முடிவை வெளியே சொல்ல க்யூஎம்யூவின் ஐஎஸ்ஏ-டீபக்-எக்ஸிட் டிவைஸ் போதும். அதில் எழுதும் எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டி எக்ஸிட் கோடாகத் தரும். 16 எழுதினால் 33.

கேள்வி: ஸ்டாக்குக்குக் கீழே கார்டு பேஜ் (வேண்டுமென்றே மேப் செய்யாத பேஜ்) வைத்தேன். நிரம்பி வழிந்ததும் மெஷின் சத்தமில்லாமல் ரீபூட் ஆகிறது.

பதில்: ட்ரிபிள் ஃபால்ட். பேஜ் ஃபால்டின் ஃப்ரேமை ப்ராசஸர் அதே வழிந்த ஸ்டாக்கில்தான் தள்ளப் பார்க்கிறது, அது டபுள் ஃபால்ட் ஆகிறது. அதன் ஃப்ரேமுக்கும் அதே ஸ்டாக் என்றால் ரீசெட். டிஎஸ்எஸ் டேபிளில் உள்ள ஐஎஸ்டி (எக்ஸெப்ஷனுக்கான மாற்று ஸ்டாக்) ஒன்றில் தனி ஸ்டாக் கொடுத்து, டபுள் ஃபால்டின் வெக்டர் 8-ஐ அதற்குக் கட்டுங்கள். ரீபூட் ஆகாமல் நிற்க க்யூஎம்யூவில் நோ-ரீபூட் ஆப்ஷன் போடுங்கள். 4096 பைட்டைவிடப் பெரிய லோக்கல் அர்ரே இருந்தால் கார்டு பேஜைத் தொடாமலே தாண்டிப் போய்விடலாம், அதையும் சோதியுங்கள்.

கேள்வி: என் கர்னல் க்ராஷ் ஆகிவிட்டது. சோதனை பாஸ் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எரர் கோட், சிஆர்2, ஆர்ஐபி.

கேள்வி: பேஜை ரீட்-ஒன்லி ஆக்கிய பிறகும் எழுத முடிகிறது. க்யூஎம்யூவில் ஃபால்ட் வருகிறது, கேவிஎம் (அசல் ப்ராசஸரிலேயே நேரடியாக ஓட்டும் வசதி) போட்டால் வரவில்லை!

பதில்: டிஎல்பியிலிருந்து ஒரு பேஜின் என்ட்ரியை நீக்கும் இன்விஎல்பிஜி விட்டுப்போயிருக்கிறது. அனுமதியைக் குறைத்தால் டிஎல்பியில் உள்ள பழைய என்ட்ரியை நீக்கியே ஆகவேண்டும். கேவிஎம் இல்லாத க்யூஎம்யூ டிஎல்பியைத் தானே சாஃப்ட்வேரில் நடத்துவதால் அசல் ப்ராசஸரைப் போலவே நடக்காது, இந்தப் பிழை அங்கே ஒளிந்துகொள்ளலாம். சோதனையின் வரிசை முக்கியம்: முதலில் அந்தப் பேஜில் ஒருமுறை எழுதுங்கள், என்ட்ரி டிஎல்பியில் ஏறட்டும். பிறகு அனுமதியைக் குறையுங்கள். உடனே மறுபடி எழுதுங்கள். பிறகு இதையே இரண்டு கோரில்: கோர் 1 எழுதிவைக்க, கோர் 0 அனுமதியைக் குறைக்க, கோர் 1 மறுபடி எழுதவேண்டும். இன்விஎல்பிஜி தன் கோரை மட்டுமே சுத்தம் செய்யும், மற்ற கோர்களுக்கு ஐபிஐ (கோருக்குக் கோர் அனுப்பும் இன்டரப்ட்) அனுப்ப வேண்டும்.

கேள்வி: கேவிஎம்மில் இன்டரப்ட் லாக் காலியாக இருக்கிறது.

பதில்: வராது. லாக் வேண்டுமென்றால் கேவிஎம் இல்லாமல் ஓட்டுங்கள்.

கேள்வி: சிஸ்டம் கால் கொடுக்கும் பாயின்டர்களை எப்படிச் சோதிப்பது?

பதில்: விளிம்புகளில். கர்னல் முகவரி கொடுங்கள். யூசர் எல்லையின் கடைசி பைட்டில் தொடங்கி 2 பைட் கேளுங்கள். முகவரியும் நீளமும் கூட்டினால் 64 பிட்டைத் தாண்டிச் சுற்றி வரும்படி கொடுங்கள், பல கர்னல்கள் விழுவது இங்கேதான். முதல் பேஜ் மேப் ஆகி, அடுத்தது மேப் ஆகாத பஃபர் கொடுங்கள். படிக்க மட்டும் அனுமதியுள்ள பஃபரை ரீட் சிஸ்டம் காலுக்குக் கொடுங்கள். ஈ-ஃபால்ட் (தவறான முகவரி என்ற எரர்) திரும்ப வேண்டும், பாதி மேப் ஆன பஃபருக்கு மட்டும் அதுவரை காப்பி ஆன பைட் எண்ணிக்கையும் திரும்பலாம், எதற்கும் கர்னல் விழக்கூடாது.

இன்னொரு சோதனை. யூசர் ப்ரோகிராம் பாப்எஃப் வழியாக ஏசி ஃப்ளாகை, அதாவது பிட் 18-ஐ, ஏற்றிவிட்டு சிஸ்டம் கால் செய்யட்டும். நுழைவில் கர்னல் அதை இறக்காவிட்டால் அந்தக் கால் முழுக்க எஸ்மாப் அணைந்தே கிடக்கும். நுழைவில் இறக்கவேண்டிய ஃப்ளாகுகளைச் சொல்லும் எஃப்மாஸ்க் ரிஜிஸ்டரில் அந்த பிட்டைச் சேர்ப்பது சிஸ்டம் காலுக்கு மட்டும். இன்டரப்ட் நுழைவில் தனியாக, ஏசி ஃப்ளாகை இறக்கும் கிளாக் (CLAC) இன்ஸ்ட்ரக்‌ஷன் வேண்டும்.

கேள்வி: லினக்ஸில் இதற்கு ரெடிமேடாக ஏதாவது?

பதில்: எல்கேடிடிஎம், வேண்டுமென்றே க்ராஷ் உண்டாக்கிச் சோதிக்கும் கர்னல் மாட்யூல். கர்னல் கான்ஃபிகில் இயக்கி, டீபக்எஃப்எஸ்ஸில் ப்ரவோக்-க்ராஷ் டைரக்டரியில் உள்ள டைரக்ட் ஃபைலில் சோதனையின் பெயரை எழுதினால் போதும்: ரைட்-ஆர்ஓ, எக்ஸெக்-ஸ்டாக், அக்ஸஸ்-யூசர்ஸ்பேஸ் என்று வரிசையாக உண்டு. ஷெல்லின் சொந்த எக்கோவால் எழுதினால் ஷெல்லே சாகும், கேட் வழியாக எழுதுங்கள். விர்ச்சுவல் மெஷினில் மட்டும் ஓட்டுங்கள், வேலை செய்யும் மெஷினில் வேண்டாம்.

கேள்வி: ஹீப்பில் ஒரு பைட் தாண்டி எழுதுவதை இவை பிடிக்குமா?

பதில்: பிடிக்காது. ஒரு பேஜைவிடச் சிறிய அளவில், அனுமதியைப் பார்க்கும் ப்ராசஸர் பகுதியான எம்எம்யூவுக்குக் கண் தெரியாது. லினக்ஸில் கேஏசான் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) போடுங்கள், அதன் பொதுவான வகை 8 பைட்டுக்கு ஒரு ஷேடோ பைட் வைத்துப் பார்க்கும்.

கேள்வி: எல்லாச் சோதனையும் பாஸ். மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் ஓட்டையிலிருந்து தப்பித்தேனா?

பதில்: இல்லை. 2018 ஜனவரியில் வெளியான அந்த ஓட்டையில் ஃபால்ட் ஒழுங்காகவே வரும். அதற்குள் ரகசியம் கேஷில் தடம் பதித்திருக்கும். பாதிக்கப்பட்ட ப்ராசஸர்களில் யூசர் பேஜ் டேபிளிலிருந்து கர்னலை எடுத்துவிடுவதே தீர்வு. அப்படிச் செய்தால் முதல் பதிலில் சொன்ன 5, 4 ஆக மாறும், 7 வரவேண்டிய கர்னல் எழுத்து 6 ஆகும். சோதனையையும் மாற்றுங்கள்.

கேள்வி: என்னுடையது எக்ஸ்வி6 (பாடத்துக்கான சின்ன கர்னல்), ரிஸ்க்-வி ப்ராசஸரில். அங்கே எரர் கோடே இல்லையே?

பதில்: எஸ்காஸ் ரிஜிஸ்டரில் 12 ஓட்டம், 13 படிப்பு, 15 எழுத்து, முகவரி எஸ்டிவால் ரிஜிஸ்டரில். பேஜ் இல்லையா, அனுமதி இல்லையா என்று ஹார்ட்வேர் சொல்லாது, பேஜ் டேபிளை நீங்களே நடந்து பார்க்க வேண்டும். எக்ஸ்வி6-இன் யூசர்டெஸ்ட்ஸில் கெர்ன்மெம் சோதனையைப் படியுங்கள்.

கேள்வி: விண்டோஸ் டிரைவருக்கு?

பதில்: என் துறை அல்ல. டிரைவர் வெரிஃபையரில் ஆரம்பியுங்கள்.

கேள்வி: சார், யூசர் ப்ரோகிராம் கர்னல் முகவரியைப் படித்ததும் செத்துவிட்டது. பாஸ்தானே?

பதில்: எரர் கோட் என்ன வந்தது?